எந்த குடோன்லேர்ந்து எந்த ஊருக்கு எவ்வளவு லோடு? சரக்குப் போக்குவரத்துக்கு கணக்கு மாடல் போடறது எப்படி

சரக்கு நாலு எடத்துல இருக்கு, கேக்குற ஊரு பத்து இருக்கு, எந்த குடோன்லேர்ந்து எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்பணும், எத்தன வண்டி, எந்த ரூட்டு? இத பெரும்பாலான எடத்துல அனுபவத்த வச்சுதான் முடிவு பண்றாங்க. அந்த அனுபவத்துக்கு பெரிய மதிப்பு உண்டு, அத நான் கொறச்சு சொல்லவே மாட்டேன், ஆனா குடோன் மூணு தாண்டி ஊரும் ஏழெட்டு ஆச்சுன்னா எப்பேர்ப்பட்ட ஆளாலயும் எல்லா சேர்க்கையையும் மனசுக்குள்ளயே போட்டுப் பாக்க முடியாது, அங்கதான் மாடல் வேணும். ப்ளஸ் டூ கணக்கும் எக்செல்லும் தெரிஞ்சா போதும், தாராளமா ஆரம்பிக்கலாம்.

மாடல்னா மூணே கேள்விதான். என்ன முடிவு பண்ணனும், எதையெல்லாம் மீறக்கூடாது, எத கொறைக்கணும். இந்த மூணையும் பேப்பர்ல தமிழ்ல எழுதாம நேரா கம்ப்யூட்டர்ல உக்காராதீங்க, பாதி மாடல் கெட்டுப்போறதே அதனாலதான்.

ஒரு சின்ன கணக்க எடுத்துக்குவோம். அரிசி. தஞ்சாவூர் குடோன்ல 300 டன், விழுப்புரம் குடோன்ல 200 டன் இருக்கு. திருச்சிக்கு 200 டன், சேலத்துக்கு 100, மதுரைக்கு 200 வேணும். டன் எல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டது, தூரம் மட்டும் உண்மையான ரோட்டு தூரத்த ரவுண்ட் பண்ணி வச்சிருக்கேன்:

தஞ்சாவூர்லேர்ந்து: திருச்சி 60 கிமீ, சேலம் 200, மதுரை 165 (புதுக்கோட்டை வழியா)
விழுப்புரத்துலேர்ந்து: திருச்சி 165, சேலம் 175, மதுரை 300

முடிவு பண்ண வேண்டியது ஆறு நம்பர், ரெண்டு குடோன் மூணு ஊரு. மீறக்கூடாதது: குடோன்ல இருக்கறதுக்கு மேல எடுக்கக்கூடாது, ஊரு கேட்டத குடுத்தே ஆகணும், எந்த நம்பரும் மைனஸ்ல போகக்கூடாது. கொறைக்க வேண்டியது மொத்த டன்-கிலோமீட்டர், அதாவது ஒவ்வொரு லோடையும் அது போற தூரத்தால பெருக்கி எல்லாத்தையும் கூட்டினா வர்றது.

இப்ப யாருக்கும் மொதல்ல தோணறது என்ன? தஞ்சாவூருக்கு பக்கம் திருச்சி, வெறும் 60 கிமீ, அதனால திருச்சிக்கு முழு 200 டன்னும் தஞ்சாவூர்லேர்ந்து குடுத்துடலாம். மிச்சம் இருக்குற 100 டன்ன மதுரைக்கு அனுப்பலாம், சேலத்துக்கு விழுப்புரத்துலேர்ந்து 100, மதுரைக்கு பாக்கி 100 விழுப்புரத்துலேர்ந்து. போட்டுப் பாத்தா 12,000 + 16,500 + 17,500 + 30,000, மொத்தம் 76,000 டன்-கிமீ.

இன்னொரு பிளான பாருங்க. மதுரைக்கு முழு 200 டன்னும் தஞ்சாவூர்லேர்ந்து, திருச்சிக்கு தஞ்சாவூர்லேர்ந்து 100, விழுப்புரத்துலேர்ந்து 100, சேலத்துக்கு விழுப்புரத்துலேர்ந்து 100. இது 33,000 + 6,000 + 16,500 + 17,500, மொத்தம் 73,000. அதே சரக்கு, அதே ஊரு, 3,000 டன்-கிமீ கம்மி. ஆனா பாக்கறதுக்கு இது தப்பா தெரியும், "பக்கத்துல தஞ்சாவூர வச்சுக்கிட்டு ஏன்ப்பா விழுப்புரத்துலேர்ந்து திருச்சிக்கு ஏத்தறீங்க"ன்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க.

பதில் இதுதான்: எந்த குடோன் பக்கம்னு பாக்கக்கூடாது, வித்தியாசம் எவ்வளவுன்னு பாக்கணும். திருச்சிக்கு தஞ்சாவூர விட்டுட்டு விழுப்புரத்துலேர்ந்து அனுப்பினா டன்னுக்கு 105 கிமீ கூடுதல். மதுரைக்கு அதையே பண்ணா 135 கிமீ கூடுதல். தஞ்சாவூர் சரக்கு எல்லாருக்கும் பத்தாது, யாராவது ஒருத்தர் விழுப்புரத்து சரக்க வாங்கித்தான் ஆகணும், அப்ப யாருக்கு நஷ்டம் கம்மியோ அவங்க வாங்கட்டும். திருச்சிக்கு நஷ்டம் கம்மி, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிடுச்சுன்னா மாடலிங்ல பாதி கெணறு தாண்டின மாதிரி.

இதுக்குள்ள இன்னொன்னு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது. புதுக்கோட்டை ரோட்டுல வேலை நடக்குது, மதுரைக்கும் திருச்சி வழியாதான் போகணும்னு வச்சுக்கோங்க. அப்ப தஞ்சாவூர்-மதுரை 60 + 135, அதாவது 195 ஆயிடும். இப்ப ரெண்டு பிளானையும் மறுபடி போடுங்க, ரெண்டுமே 79,000, துளி வித்தியாசம் இல்ல! ஏன்னா ரெண்டு குடோன் லோடும் திருச்சிய தொட்டுத்தான் மதுரைக்குப் போகுது, திருச்சில ரெண்டு லாரியும் சரக்க மாத்திக்கிட்டாலும் மொத்த தூரம் மாறாது. அப்ப நாம மிச்சம் பண்ண 3,000 எங்கேர்ந்து வந்துச்சு? புதுக்கோட்டை ரோடு மிச்சப்படுத்துற 30 கிமீ, அதுல நாம கூடுதலா திருப்பிவிட்ட 100 டன், பெருக்குனா சரியா 3,000. அதனால உங்க நெட்வொர்க்ல எல்லா ரூட்டும் ஒரே ஜங்ஷன் வழியா போகுது, மொத்த ஸ்டாக்கும் மொத்த தேவையும் சமமா இருக்குன்னா சால்வர் (கொறஞ்ச செலவு விடைய தேடிக் குடுக்கற எக்செல் கருவி) போட்டு மெனக்கெடவே வேணாம், எந்த பிளானும் ஒரே செலவுதான், அங்க உங்க நேரத்த வண்டி எடுக்கறது, நேரம் பாக்கறது இதுல செலவழிங்க.

எக்செல்ல இத எப்படி போடறதுன்னா, மேல தூர டேபிள், ரெண்டு வரிசை (குடோனுக்கு ஒண்ணு), மூணு காலம் (ஊருக்கு ஒண்ணு, மேலேர்ந்து கீழ). கீழ அதே சைஸ்ல ஒரு காலி டேபிள், அதுலதான் விடை வரும். காலி டேபிளுக்கு வலது பக்கம் ஒவ்வொரு வரிசையோட கூட்டுத்தொகை, அதுக்குப் பக்கத்துல அந்த குடோன் ஸ்டாக். கீழ ஒவ்வொரு காலத்தோட கூட்டுத்தொகை, அதுக்கு கீழ அந்த ஊரோட தேவை. ஒரு தனி செல்லுல சம்புராடக்ட் ஃபார்முலா போட்டு ரெண்டு டேபிளையும் பெருக்கி கூட்டுங்க. அப்புறம் டேட்டா டேப்ல சால்வர், தெரியலேன்னா ஆட்-இன்ஸ்ல போய் ஆன் பண்ணிக்கணும். அந்த தனி செல்ல மினிமம் ஆக்கு, காலி டேபிள மாத்து, வரிசை கூட்டல் ஸ்டாக்குக்கு உள்ள, காலம் கூட்டல் தேவைக்கு சமம், மெத்தட் சிம்ப்ளெக்ஸ் எல்பி (இந்த மாதிரி நேர்கோட்டு கணக்குக்கான முறை). மெத்தட மட்டும் மறந்துடாதீங்க, அது டீஃபால்ட்டா வேற ஒண்ணுல நிக்கும். எக்செல் கூட வர்ற சால்வர் 200 செல் வரைக்கும்தான் மாத்தும், அதுக்கு மேல போனா பைதான்ல பல்ப்ன்னு ஒரு லைப்ரரி இருக்கு, காசு கிடையாது, கூடவே சிபிசின்னு ஒரு சால்வரும் வந்துடும். லிப்ரேஆபீஸ்லயும் சால்வர் உண்டு.

விடை வந்ததும் டேபிள பாத்துட்டு மூடிடாதீங்க, சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு குடுக்கும், உண்மையான சரக்கு அதுலதான் இருக்கு. நம்ம கணக்குல தஞ்சாவூர் ஸ்டாக் ஒரு டன் கூடினா மொத்தம் 105 டன்-கிமீ கொறையும்னு அது சொல்லும். அதாவது யாராவது வந்து தஞ்சாவூர்ல குடோன் இடம் வாடகைக்கு இருக்குன்னா எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்னு உங்ககிட்ட ஒரு நம்பர் இருக்கு. அதே மாதிரி தஞ்சாவூர்லேர்ந்து சேலத்துக்கு ஒரு டன் அனுப்பியே ஆகணும்னு யாராவது அடம் பிடிச்சா 130 டன்-கிமீ எக்ஸ்ட்ரா ஆகும்னும் அதுல இருக்கும், கூட்டத்துல வாய்ப்பேச்சா பேசறதுக்கு பதிலா அந்த நம்பர எடுத்து முன்னாடி வைங்க.

இந்தக் கணக்குக்கு வயசு அதிகம். சோவியத் யூனியன்ல கண்டரோவிச் 1939-லயே இந்த மாதிரி கணக்குகள எழுதினாரு, அமெரிக்காவுல ஹிட்ச்காக் 1941-ல இதே டிரான்ஸ்போர்ட் கணக்க எழுதினாரு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வாஷிங்டன்ல கப்பல் போக்குவரத்த பாத்துக்கிட்டிருந்த கூப்மன்ஸ் தனியா அதே எடத்துக்கு வந்து சேந்தாரு, 1975-ல கண்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் சேத்து பொருளாதார நோபல் குடுத்தாங்க. சிம்ப்ளெக்ஸ் முறை 1947-ல டான்ட்ஸிக் குடுத்தது. கூப்மன்ஸ் முக்கியமா மண்டைய ஒடச்சுக்கிட்டது காலிக் கப்பல பத்திதான், சரக்க எறக்கிட்டு காலியா நிக்கற கப்பல அடுத்து எந்த துறைமுகத்துக்கு அனுப்பறதுன்னு. நாமக்கல்ல லாரி வச்சிருக்கற யாரைக் கேட்டாலும் இதத்தான் சொல்வாங்க, போற லோடு பிரச்சனையே இல்ல, ரிட்டர்ன் லோடு கெடைக்குதாங்கறதுதான் பிரச்சனை.

அதனால டன்-கிமீ கணக்க அப்படியே ரூபாயா நம்பிடாதீங்க. டன்-கிமீ ஆரம்பத்துக்கு நல்லது, ஆனா வாடகை அப்படி நேர்கோட்டுல போறதில்ல. டீசல் கிலோமீட்டருக்கு ஏத்த மாதிரி ஏறும், டோல் ரூட்டுக்கு ஏத்த மாதிரி, டிரைவர் பேட்டா நாளுக்கு ஏத்த மாதிரி, ஏத்துக்கூலி எறக்குக்கூலி மூட்டைக்கு ஏத்த மாதிரி, அதுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே கெடையாது. ரிட்டர்ன் லோடு கெடைக்கற ஊருக்கு வாடகை கம்மியா பேசுவாங்க, கெடைக்காத ஊருக்கு காலியா திரும்பற டீசலையும் சேத்து கேப்பாங்க. ஆக தூர டேபிளுக்கு பதிலா ஒவ்வொரு ரூட்டுக்கும் உண்மையா பேசின வாடகைய டன்னுக்கு இவ்வளவுன்னு போடுங்க, மாடல் அப்படியே வேலை செய்யும், விடை மட்டும் மாறும்.

அடுத்து வண்டி. அரை லாரின்னு ஒண்ணு கெடையாது. 2018-ல எடை வரம்ப ஏத்தினதுக்கப்புறம் பத்து வீல் வண்டிக்கு மொத்த எடை 28.5 டன், ஆறு வீலுக்கு 18.5, இதுல வண்டியோட சொந்த எடை போகத்தான் சரக்கு. உங்க வண்டி 16 டன் ஏத்தும்னா 100 டன்னுக்கு ஆறேகால் வண்டின்னு கணக்கு சொல்லும், நீங்க ஏழு வண்டிக்கு வாடகை குடுக்கணும், ஏழாவது வண்டி 4 டன்னோட ஓடும். இங்க ஒரு சுலபமான வழி இருக்கு: ஸ்டாக்கையும் தேவையையும் டன்ல எழுதாம லோடுல எழுதிடுங்க, 13 லோடு, 7 லோடுன்னு. இந்த வகை கணக்குல ஸ்டாக்கும் தேவையும் முழு எண்ணா இருந்தா சால்வர் குடுக்கற விடையும் தானாவே முழு எண்ணா வந்துடும், தனியா கட்டுப்பாடு போடவே வேணாம். ஆனா வேற வேற சைஸ் வண்டி, குடோன தெறந்தாலே இவ்வளவு வாடகை, இந்த மாதிரி சேத்தீங்கன்னா அந்த சலுகை போயிடும், அப்ப முழு எண் கட்டுப்பாட போடணும், சால்வரும் மெதுவாகும்.

இப்ப சங்கிலிக்கு வருவோம், ஏன்னா அரிசி குடோன்ல வெளையறதில்ல. டெல்டாவுல கொள்முதல் நிலையத்துல நெல்லு 40 கிலோ சிப்பமா வாங்கறாங்க, அங்கேர்ந்து கிடங்கு, கிடங்குலேர்ந்து அரவை ஆலை, அப்புறம் அரிசியா குடோன், அப்புறம் ரேஷன் கடை. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துலேர்ந்து மத்த மாவட்டங்களுக்கு அரவைக்கு சரக்கு ரயில்ல நெல்லு போறத அடிக்கடி செய்தில பாத்திருப்பீங்க, 42 வேகன்ல 2,000 டன்னுன்னு. இத மாடல்ல போட ஒவ்வொரு எடத்தையும் ஒரு புள்ளியா வைங்க, ஒவ்வொரு ரூட்டையும் ஒரு கோடா வைங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே விதி, உள்ள வந்தது வெளிய போகணும் இல்ல அங்கேயே இருக்கணும். ஆலையில மட்டும் விதி மாறும். புழுங்கல் அரிசிக்கு அரசு வச்சிருக்கற கணக்கு 68 சதவீதம், பச்சரிசிக்கு 67, அதாவது 100 டன் நெல்லு உள்ள போனா 68 டன் புழுங்கல் அரிசி வெளிய வரணும். இந்த 0.68-அ மாடல்ல எழுதினவுடனே ஒரு பெரிய கேள்வி தானா எழும்பும், அரவை எங்க வச்சா நல்லது? 100 டன் நெல்ல 200 கிமீ கொண்டுபோய் அரைச்சா 20,000 டன்-கிமீ. வெளைஞ்ச எடத்துலயே அரைச்சு அரிசியா கொண்டுபோனா 13,600. மிச்சம் 6,400, அது முழுக்க உமியும் தவிடும் லாரில ஊரு பாக்கப் போற செலவு. அப்ப ஏன் எல்லாத்தையும் டெல்டாவுலயே அரைக்கறதில்லன்னா, ஆலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு, அறுவடை சமயத்துல எல்லா நெல்லும் ஒரே நேரத்துல வந்து குவியும். ஆலையோட தினசரி அளவ ஒரு கட்டுப்பாடா எழுதினா எந்த நெல்ல இங்கயே அரைக்கணும், எத வெளிய அனுப்பணும்னு சால்வரே பிரிச்சுக் குடுக்கும்.

குவியற நெல்லுக்கு நேரத்தையும் சேக்கணும். ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனியா எழுதுங்க: நேத்து ஸ்டாக், கூட்டல் இன்னிக்கு வந்தது, கழித்தல் இன்னிக்கு போனது, சமம் இன்னிக்கு ஸ்டாக். ஒரே வரிதான், சப்ளை செயின் மாடல் எல்லாத்துக்கும் முதுகெலும்பு இந்த வரிதான். இதுக்கு மேல ரெண்டு விஷயம் போடுங்க. ஒண்ணு, கிடங்கோட கொள்ளளவு. இன்னொண்ணு, கூரை இல்லாத எடத்துல கெடக்கற ஸ்டாக்குக்கு நாளுக்கு டன்னுக்கு ஒரு அபராதம். இந்த அபராதத்த தயவுசெஞ்சு பூஜ்யமா விடாதீங்க. மழையில நனைஞ்சு மொளைச்சுப் போன நெல்லு ஒரு குடும்பத்தோட முழு பருவத்து ஒழைப்பு, ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டினாலே வாங்கறதுல பிரச்சனை ஆரம்பிச்சுடும், அந்த இழப்பு லாரி வாடகை பில்லுல எங்கயும் தெரியாது. மாடல்ல நீங்க எழுதாத செலவு மாடலுக்கு இல்லவே இல்லாத செலவு, அது காத்திருக்கறது இலவசம்னு நெனச்சு நெல்ல வெளியவே போட்டுவச்சு லாரி செலவ கொறச்சுக் காட்டும்.

கடைசி கட்டம் குடோன்லேர்ந்து கடைக்கு. இங்க ஒரு வண்டி பல கடை ஏறி எறங்கும், அதனால மேல சொன்ன முறை ஒத்து வராது. பத்து கடைய என்ன வரிசையில போகலாம்னா 36,28,800 வழி இருக்கு, எல்லாத்தையும் போட்டுப் பாக்கறது வேலைக்காகாது. 1964-ல கிளார்க்கும் ரைட்டும் குடுத்த மிச்சக் கணக்கு இன்னிக்கும் நல்லா ஓடுது. குடோன்லேர்ந்து மொத கடை 12 கிமீ, ரெண்டாவது கடை 15, ரெண்டு கடைக்கும் நடுவுல 5. தனித்தனியா போய் வந்தா 24 + 30, மொத்தம் 54. ஒரே டிரிப்புல போனா 12 + 5 + 15, அதாவது 32. மிச்சம் 22. குறுக்கு வழி: 12 + 15 − 5. எல்லா கடை ஜோடிக்கும் இந்த மிச்சத்த போட்டு, பெருசுலேர்ந்து சின்னதா அடுக்கி, வண்டி கொள்ளற வரைக்கும் மேலேர்ந்து ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டே வாங்க. விடை ஆகச் சிறந்ததா இருக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா கையால போடற ரூட்ட விட பெரும்பாலும் நல்லாவே இருக்கும். பெருசா பண்ணனும்னா கூகுளோட ஓஆர்-டூல்ஸ்ங்கற லைப்ரரி இலவசம், கடைக்கு கடை ரோட்டு தூரம் எடுக்க ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல ஓடற ஓஎஸ்ஆர்எம் இருக்கு. காக்கா பறக்கற தூரத்த மட்டும் போட்டுடாதீங்க, நடுவுல ஒரு ஆறு இருந்தா பாலம் வரைக்கும் சுத்தணும், மாடலுக்கு அது தெரியாது.

இது ஏதோ காலேஜ் கணக்கு இல்ல. மத்திய உணவுத் துறை உலக உணவுத் திட்டத்தோடயும் ஐஐடி டெல்லியோடயும் சேந்து 2024 டிசம்பர்ல அன்ன சக்ரான்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, சுமார் 6,700 குடோன், 4.37 லட்சம் ரேஷன் கடைய எப்படி இணைக்கறதுன்னு பாக்கற கணக்கு, 30 மாநிலத்துல பாத்ததுல வருஷத்துக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் மிச்சம்னு அரசு சொல்லுது. அடியில ஓடறது நாம தஞ்சாவூர்-விழுப்புரம்னு போட்ட அதே வகை கணக்குதான்.

நெரிசல பத்தி சுருக்கமா. தூரம் மாறாது, நேரம் மாறும். அமெரிக்க ரோடு துறைலேர்ந்து வந்த ஒரு ஃபார்முலாவ இன்னிக்கும் எல்லாரும் பயன்படுத்தறாங்க: காலி ரோட்டுல ஆகற நேரத்த, ஒண்ணு கூட்டல் 0.15 பெருக்கல் (வண்டி எண்ணிக்கை வகுத்தல் ரோட்டோட கொள்ளளவு) நாலாம் அடுக்கு, இதால பெருக்குங்க. ரோடு நெறைஞ்சா 15 சதவீதம் கூடும், ஒன்றரை மடங்கு நெறைஞ்சா 76 சதவீதம். நகரத்துக்குள்ள டெலிவரி இருந்தா இத சேருங்க, ராத்திரி ஹைவே ஓட்டத்துக்கு தேவையில்ல.

மாடல் சரியான்னு பாக்க போன மாசத்து உண்மையான டிரிப் ஷீட்ட எடுங்க. அப்ப நடந்த அனுப்புதல அப்படியே மாடல்ல போட்டா மாடல் சொல்ற செலவும் கட்டின பில்லும் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். ஒத்துப்போகலேன்னா மிச்சம் எவ்வளவுன்னு பேசறதுக்கே அர்த்தம் இல்ல, ஏதோ ஒரு செலவ விட்டிருக்கீங்க. பெரும்பாலும் அது காத்திருப்பு வாடகையா இருக்கும், இல்ல எடைமேடைக்கு சுத்திட்டுப் போற தூரமா இருக்கும். அதுக்கப்புறம் பிளான டிரைவருங்ககிட்டயும் லோடுமேன் அண்ணங்ககிட்டயும் காட்டுங்க, நெஜமாவே உக்காந்து காட்டுங்க. காலையில எட்டுலேர்ந்து இந்த ரோட்டுல கனரக வண்டி விடமாட்டாங்க, அந்தக் கடைத் தெருவுல பத்து வீல் திரும்பாது, சனிக்கெழம மதியத்துக்கு மேல அங்க எறக்க ஆள் இருக்காது, இ-வே பில் (சரக்கு கூட போற ஜிஎஸ்டி சீட்டு) 200 கிமீக்கு ஒரு நாள்தான் செல்லும், இதெல்லாம் அவங்க வாயிலேர்ந்துதான் வரும். வர்ற ஒவ்வொண்ணும் ஒரு கட்டுப்பாடு, எழுதி சேத்துட்டு மறுபடி ஓட்டுங்க.

கட்டுப்பாடு சேத்துக்கிட்டே போனா ஒரு கட்டத்துல சால்வர் விடையே இல்லன்னு சொல்லும், எந்த ஊருக்கு எவ்வளவு பத்தலன்னு சொல்லாது. அதுக்கு ஒரு பொய் குடோன சேருங்க, ஸ்டாக் எக்கச்சக்கம், ஆனா டன்னுக்கு செலவு லட்ச ரூபாய்னு. சரக்கு பத்தாததுதான் காரணம்னா இப்ப விடை வந்துடும், பொய் குடோன்லேர்ந்து எந்த ஊருக்கு எவ்வளவு போகுதோ அந்த ஊருக்கு அவ்வளவு சரக்கு உண்மையில பத்தலன்னு அர்த்தம். மேனேஜர்கிட்ட "சால்வர் வேலை செய்யல"ன்னு போய் நிக்காம "மதுரைக்கு 40 டன் பத்தாது, விழுப்புரத்துல ரெண்டாவது ஷிப்ட் ஏத்தினா சரியாயிடும்"னு போய் சொல்லலாம்.